மன்சூர் பாயின் கடைசி உயிர்

“எந்தச் சத்தம்?” என்று கேட்டார் மன்சூர் பாய், திரும்பிப் பார்க்காமலே. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, மேசைமேல் கிடந்த பச்சை நிற எலக்ட்ரானிக் பலகையிலிருந்த சிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல் இருந்தது.

“குண்டு போடுற மாதிரி ஒரு சத்தம்,” என்றாள் வாசலில் நின்ற தமிழ்ச்செல்வி. கீழ்வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் அது. மாடிப்படி ஏறுவதற்குள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

“கீழ வரைக்குமா கேட்டுச்சு?”

“ஆமா.”

“குண்டு விழுகுறது மட்டுமா, அதுக்குப் பின்னாடி ஒரு உறுமல் வரும், அதுவும் கேட்டுச்சா?”

தமிழ்ச்செல்வி யோசித்தாள். “உறுமலும் கேட்டுச்சு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிருது.”

விரல் நின்றது. அப்போதுதான் திரும்பினார். முகமெல்லாம் பல். “அல்ஹம்துலில்லாஹ்! ஃபாயிஸா, கேட்டியா? உறுமல் வந்துருச்சு! கீழ்வீட்டுப் புள்ள சொல்லுது, ஜன்னல் ஆடுச்சாம்!”

“அது ஒங்களப் பாராட்ட வரலீங்க, சண்ட போட வந்துருக்கு,” என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் பதில் வந்தது. “மொதல்ல உக்காரச் சொல்லுங்க.”

சண்டை போடப் போனவள் டீ குடித்துவிட்டு இறங்கினாள். சத்தம் குறையவில்லை. ஆனால் அதற்குப்பிறகு எந்தப் பலகை ஓடத் தொடங்கினாலும் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலாக ஒரு தலை எட்டிப்பார்த்துக் கேட்கும்: “தங்கச்சி, உறுமல் வருதா?” வராவிட்டால் வரவில்லை என்று அவளும் சொல்லத் தொடங்கினாள்.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, இன்னும் பாதி மனைகள் காலியாகக் கிடக்கும் புதுக் குடியிருப்பில் இருக்கிறது அந்த மாடி வீடு. மற்றவர்கள் வீட்டுக் கூடத்தில் சோபா இருக்கும் இடத்தில், அவர் வீட்டில் ஆள் உயரத்துக்கு வீடியோ கேம் பெட்டிகள் நிற்கின்றன. காசு போட்டு நின்றுகொண்டே விளையாடும் பழைய காலத்துப் பெட்டிகள். பெங்களூரிலும் கோவையிலும் அவற்றைத் தேடித்தேடி வாங்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹோட்டல் வாசலில், திருமண மண்டபத்தில், சினிமாத் தியேட்டரில் வைக்கிறவர்களும் உண்டு. பெட்டி படுத்துக்கொண்டால் உள்ளிருக்கும் பலகையைக் கழற்றி, துணியில் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி, கூரியரில் மன்சூர் பாய்க்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கூரியர் வந்தால் அவர் உடனே பிரிக்கமாட்டார். முகம் கழுவி, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டுதான் கத்தியை எடுப்பார். “மொதமொத பாக்கப் போறோம்ல,” என்பார். பிரித்ததும் முதல் வேலை பழைய பல்துலக்கியும் ஸ்பிரிட்டும். ஊர் ஊராக வந்த அழுக்கு போனபிறகு, மின்சாரம் கொடுத்துவிட்டு, ஈர விரலால் தொட்டுப் பார்ப்பார். அளவுக்கு மீறிச் சுடுகிற சிப் ஒரு பக்கம், சுடவேண்டிய அளவுக்குச் சுடாமல் சில்லென்று கிடக்கும் சிப் இன்னொரு பக்கம் என்று மனதில் குறித்துக்கொள்வார். அப்புறம் பேனா போன்ற ஒரு கருவி. அதன் முனையைச் சிப்பின் காலில் வைத்தால் உயிருள்ள கால் கீச்சென்று கத்தும், செத்த கால் சும்மா இருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் அவரிடம் ஒரு குறும்பு வைத்தியம் இருக்கிறது. அதே இனத்து நல்ல சிப் ஒன்றை எடுத்து, சந்தேகப்பட்ட சிப்பின் முதுகில் கால்கள் ஒட்டும்படி அழுத்திப் பிடிப்பார். “சீக்காளி முதுகுல நல்லாருக்கவன ஏத்தி உக்கார வெக்கிறேன். படம் வந்துருச்சுன்னா கீழ கெடக்கவன் இம்புட்டு நாளா நடிச்சிருக்கான்னு அர்த்தம்.” படம் வந்துவிட்டால் சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துகொள்வார். அது யாருக்காக என்று தமிழ்ச்செல்விக்குத் தெரியவில்லை. பார்க்க யாருமே இல்லாதபோதும் செய்வார் என்று ஃபாயிஸா சொன்னாள்.

பேரையூரில் மண்டபம் வைத்திருக்கும் காளை என்பவர் ஒருமுறை பலகையைத் தாமே சுத்தம் செய்யப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவி, சிப்புகள் மேலிருந்த காகித ஒட்டுகளையும் அழுக்கென்று நினைத்து உரித்தெறிந்துவிட்டு, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுகிற மாதிரி காயப்போட்டார். ஈரம் நன்றாக இழுக்கட்டும் என்று வாரக்கணக்கில் எடுக்கவே இல்லை. அந்தக் காகிதத்துக்கு அடியில் சிப்புகளுக்குச் சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. அதன் வழியாக வெயில் இறங்கினால் உள்ளே எழுதி வைத்த விளையாட்டு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும்.

“அம்புட்டையும் வெயிலு குடிச்சிருச்சு காளையண்ணே,” என்றார் மன்சூர் பாய். “சிப்பு இருக்கு, சட்டம் இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல. தேங்காய உரிச்சுப் பாத்தா வெறும் ஓடு.”

“வெயில்ல வெச்சா நல்லதுன்னுல நெனச்சேன்.”

“துணிக்கு நல்லதுண்ணே. மொளகாய்க்கு நல்லது.”

அவரிடம் அந்த விளையாட்டின் நகல் இருந்தது. மறுபடி எழுதிக்கொடுத்து, ஒவ்வொரு ஜன்னலையும் கறுப்பு டேப்பால் மூடி அனுப்பினார். மூடிய டேப்பின்மேல் வெள்ளை மையில் ஒரு குட்டி நிலாப்பிறை. ‘உரித்தால் அழியும்’ என்று எழுதலாம்தானே என்று தமிழ்ச்செல்வி கேட்டதற்கு, “எழுதுனா உரிச்சுப் பாப்பாய்ங்க. பிறைய உரிக்க எவனுக்கும் மனசு வராது,” என்றார்.

அடக்கம் என்பது அவர் பக்கத்தில் வராத குணம். சரிசெய்த பெட்டிகளின் நெற்றியில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ‘மன்சூர், ஒத்தக்கடை’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். மற்ற மெக்கானிக்குகள் பின்கதவில் உள்பக்கமாக ஒட்டுவார்களாம். “தப்பு பண்ணவன்ல ஒளிஞ்சுக்கணும்?” என்பார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், “உயிர் குடுக்குற வேல,” என்று அவர் தொடங்குவதற்குள் ஃபாயிஸா குறுக்கே விழுவாள். “உயிர் குடுக்குறவன் மேல இருக்கான். நீங்க ஈயம் வெக்கிறீங்க.”

விளையாட்டிலும் அப்படித்தான். ஓடத் தொடங்கிய பலகையை நெடுநேரம் விளையாடிப் பார்த்துத்தான் அனுப்புவார். அவர் கைகள் ஜாய்ஸ்டிக் விசையின்மேல் கிடக்கிற விதமே தனி. பிடித்திருக்கிறாரா, சும்மா வைத்திருக்கிறாரா என்று தெரியாது. திரையில் நூறு குண்டுகள் வரும், அவருடைய குட்டி விமானம் அத்தனைக்கும் நடுவே சந்தைக்கூட்டத்தில் பழகிய ஆள்போல் நுழைந்து வெளியே வரும். “என்னயச் சாகடிக்க இதுக்கு இன்னும் தெரியல தங்கச்சி,” என்பார்.

நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்துப் பக்கம் பீமாராவ் நடத்தும் ஜூஸ் கடை வாசலில், அவர் ஸ்டிக்கரோடு ஒரு விமானப் பெட்டி இன்றைக்கும் நிற்கிறது. அந்தப் பெட்டிதான் அவரை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தது.

முதல் முறை அதன் பலகை வந்தபோது படமே இல்லை. சரிசெய்து, இரண்டு நாள் விளையாடிப் பார்த்து அனுப்பினார். ஒரே வாரத்தில் பீமாராவ் போன் செய்தார்: “பாய், திடீர் திடீர்னு அணைஞ்சு அணைஞ்சு எரியுது.” பலகை திரும்பி வந்தது. மன்சூர் பாய் மறுபடி நாள்கணக்கில் விளையாடினார். கீழ்வீட்டு ஜன்னல் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு தடவைகூட அணையவில்லை. “ஒங்க கடைக் கரண்டு சரியில்ல,” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பீமாராவ் எலக்ட்ரீசியனை வைத்து ஒயரெல்லாம் மாற்றினார். பெட்டி அப்போதும் அணைந்தது.

“பசங்க விளையாண்டா படுத்துக்குது, நீங்க விளையாண்டா ஓடுதுங்கிறீங்க. இதென்ன பாய் கணக்கு?”

“ஆளு யாருன்னு மிஷினுக்குத் தெரியுது,” என்றார் மன்சூர் பாய்.

பீமாராவ் சிரிக்கவில்லை. ஒரே பலகையில் ஆயிரம் கேம் உள்ள புதுச் சரக்கு வந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிவிட்டு, இந்தப் பழைய பலகையைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறாராம். “ஒங்க ஸ்டிக்கரப் பதமாப் பிச்சு, ஒங்ககிட்டயே குடுத்துர்றேன்,” என்றார். அன்று மன்சூர் பாய் மதியம் சாப்பிடவில்லை. எட்டிப்பார்த்து உறுமல் வருகிறதா என்று கேட்கவும் இல்லை. “பலகையக்கூட வேற ஒண்ணு தேடிரலாம்ங்கிறாக,” என்று ஃபாயிஸா மாடிப்படியில் தமிழ்ச்செல்வியிடம் மெல்லச் சொன்னாள். “ஸ்டிக்கரப் பிச்சுத் தாரேன்னாருல, அதுதேன் தொண்டையில நிக்குது.”

கடைசியாக ஒருமுறை பெட்டியையே முழுசாகக் கொண்டுவந்து காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை காலை லோடு ஆட்டோவில் பெட்டியோடு பீமாராவ் வந்து இறங்கினார். டிரைவரும் அவருமாக மாடிக்குத் தூக்கினார்கள். கதவைப் பிடித்துக்கொள்ள மேலே போன தமிழ்ச்செல்வி அங்கேயே நின்றுவிட்டாள்.

“இருங்க, நானே விளையாண்டு காட்றேன்,” என்று பீமாராவ் விசையைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவர்போல் ஆடினார். விளையாட்டு கொடுத்த மூன்று உயிரும் மளமளவென்று போயின. மன்சூர் பாய் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோதே திரை கறுத்தது; பெட்டி முதலிலிருந்து எரியத் தொடங்கியது.

“பாத்தீங்களா? பேரு கேக்குற எடம் வந்தவொடனே போகுது.”

“என்ன எடம்?”

“தோத்த பெறகு பேரெழுதச் சொல்லும்ல பாய்.”

மன்சூர் பாய் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபாயிஸாதான் பேசினாள். “அத அவுக எங்க பாத்தாக? கடைசி உயிரு வந்துச்சுன்னா சுவிட்ச அமுத்தி நிறுத்திருவாக. இத்தன வருசத்துல ஒரு மிஷினுகிட்டயும் தோத்ததில்ல, கேட்டுக்கங்க.”

பீமாராவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும், “அப்பன்னா எங்க காலேஜ் பசங்க ஒங்களவிடப் பெரிய மெக்கானிக்கு,” என்றார்.

மன்சூர் பாய் பெட்டியின் பின்கதவைத் திறந்தார். பலகையைக் கழற்றி மேசைமேல் போட்டார். தோற்றபிறகு வருகிற திரைகள் மட்டும் ஓரத்திலிருந்த ஒரு தனிச் சிப்பில் இருந்தன. அது சில்லென்று கிடந்ததை முதல் நாளே அவர் விரல் கண்டிருந்தது. விளையாட்டு ஓடியதால் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். கருவியை வைத்தார். எல்லாக் காலும் கத்தின, ஒன்றைத் தவிர. அந்தக் காலுக்கு வரும் செம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டே விளக்கடியில் பூதக்கண்ணாடியை நகர்த்தியவர் ஓரிடத்தில் நிறுத்தி, “வாங்க ராவ், வந்து பாருங்க. தங்கச்சி, நீயும் வா,” என்றார்.

தலைமுடியைவிட மெல்லிய ஒரு கீறல்.

“இது சும்மா கோடு மாதிரில இருக்கு?”

“இந்தக் கோடுதேன் ஒங்க கடைக்கு ஆயிரம் கேமக் கொண்டாந்துருக்கும்.” கீறலுக்குக் குறுக்கே இழைபோன்ற ஒரு கம்பியை வைத்து ஈயம் தொட்டார். பலகை பெட்டிக்குள் போனது. காலர் சரிசெய்யப்பட்டது.

பீமாராவ் விடவில்லை. “தோத்துக் காட்டுங்க, எடுத்துட்டுப் போறேன். இல்லாட்டி நான் தோக்கவா?”

“நீங்க தோத்தா ஒங்க பேருதான வரும்? நான் கண்டுபுடிச்ச சீக்கு, மொதப் பேரு ஒங்களதா?” என்று விசையின்முன் நின்றார் மன்சூர் பாய்.

அதன்பிறகு நடந்ததைத் தமிழ்ச்செல்வி இன்றும் தன்னோடு வேலை பார்ப்பவர்களிடம் சொல்வாள். திரையில் புள்ளிகளின் எண்கள் ஏறின. பீமாராவின் சட்டைப்பையில் போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. லோடு ஆட்டோ டிரைவர் கீழிருந்து ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு, பிறகு தாமே மேலே வந்து வாசலில் நின்றார். ஒன்றன்பின் ஒன்றாக மலைபோன்ற எதிரி விமானங்கள் வெடித்தன, வீடு உறுமியது. நீண்ட நேரத்துக்குப்பின் ஓர் உயிர் போனது, இன்னும் வெகுநேரம் கழித்து இன்னொன்று. கடைசி உயிர் வந்ததும் அவருடைய இடது கை தானாகப் பெட்டியின் பக்கவாட்டுக்கு நகர்ந்தது. அங்கே ஃபாயிஸா தன் உள்ளங்கையைச் சுவிட்சின்மேல் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“விடுங்க பாய், செத்துருங்க!” என்றார் பீமாராவ்.

“சாகத்தானே பாக்குறேன்!”

உண்மையாகவே பார்த்தார். நேராகக் குண்டை நோக்கி விமானத்தைக் கொண்டுபோனார். கடைசி நொடியில் மணிக்கட்டு அவரைக் கேட்காமலே திரும்பிவிட்டது. மறுபடி கொண்டுபோனார்; மறுபடி திரும்பியது. நெற்றி வியர்த்தது. எண்கள் ஏறிக்கொண்டே போயின. அப்படியொரு எண்ணிக்கையை அந்தத் திரையில் யாருமே பார்த்திருக்கமாட்டார்கள்.

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், ஒரு கையால் விசையின் தண்டைப் பிடித்து விமானத்தை ஓட்டிக்கொண்டே, மறு கையால் சட்டை நுனியை இழுத்து, விசையின் குமிழில் படிந்திருந்த வியர்வையைத் துடைத்தார். துடைத்துவிட்டு அரையடி தள்ளி நின்று தமிழ்ச்செல்விக்கு இடம்விட்டார்.

“தங்கச்சி, இங்கிட்டு வா. இதப் பிடி. நீ தோத்துக் குடு, பேர நான் எழுதிக்கிறேன்.”