மூழ்காத ஜிமிக்கி

இன்று காலை கலாவின் போன் அடித்தது. கலா என் மனைவி. அவள் போய் மூன்று வருஷமாகிறது. போன் மட்டும் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. மாதாமாதம் நான்தான் ரீசார்ஜ் செய்கிறேன். எதற்கு இந்த தண்டச் செலவு என்று மகள் கோவையிலிருந்து கேட்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். உங்களிடம் மழுப்ப மனசில்லை, மெல்லச் சொல்கிறேன்.

"கலாக்கா நம்பர்தான சார்? அடகுக் கடைலேர்ந்து பேசறேன். கடைய மூடறோம். மாசக் கடைசிக்குள்ள அக்காவ வந்து ஜிமிக்கிய மூட்டுகினு போவச் சொல்லுங்க" என்றாள் அங்கே கணக்குப் பார்க்கும் பெண். நகையை மீட்பதை எங்கள் பக்கம் மூட்டுவது என்பார்கள்.

"சொல்றேன்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்று ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தன. புதிதாக வருகிறவர்களுக்குத் தலைவலி வரும். எனக்கென்னவோ அந்தச் சத்தம் இருந்தால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

அடகுக் கடை என்றாலே எனக்கு ஊதுபத்தியும் ஆசிட்டும் கலந்த ஒரு நெடிதான் ஞாபகம் வரும். நகையைக் கல்லில் உரசி ஒரு சொட்டு ஆசிட் விடுவார்கள். அந்த நெடியில் எனக்குப் பாதி பழக்கம் உண்டு. எண்ணூரில் நான் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்த கம்பெனியிலும் அதே ஆசிட் நெடிதான், சட்டையிலேயே வீட்டுக்கு வரும். முதல் சம்பளத்தை அப்பாவிடம் கொடுத்தபோது அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "யார்கிட்டயும் கை நீட்டாம இரு நைனா, அது போதும்" என்றார். ஹார்பரில் மூட்டை தூக்கியவர். தினமும் வாசலில் வந்து வசூலிக்கிற தண்டல்காரன் ஒரு நாள் தெருவே வேடிக்கை பார்க்க அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு டீக்கடையில்கூட அவர் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. அந்த பயத்தை எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். ரொம்ப நாள் அதை நான் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலா கல்மண்டபத்துப் பெண். அவள் வீட்டில் போட் இருந்தது. டீசல் கடன், ஐஸ் கடன், வலைக் கடன். மீன் வந்தால் அடைப்பார்கள், மறுநாள் திரும்ப வாங்குவார்கள். அந்த வீட்டில் கடன் என்பது உப்பு, புளி மாதிரி ஒரு சாமான். கல்யாணமான புதிதில் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி, "எனக்கு ஒரு பைசா கடன் கிடையாது, தெரியுமா?" என்று சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஏன்யா, உன்ன நம்பி யாரும் குடுக்க மாட்டாங்களா?"

கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

நகை கழுத்தில் சும்மா தூங்கக் கூடாது, வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் கட்சி. போயிற்று. வளையல் போய் மகளின் ஸ்கூல் ஃபீஸ் வந்தது. சங்கிலி போய் வளையல் திரும்பி வந்தது. உறவில் கல்யாணம் என்றால் ஒன்றை வைத்து இன்னொன்றை மூட்டிப் போட்டுக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால், அவள் கழுத்தையும் காதையும் வைத்தே எந்த வருஷம் எது அடகில் இருந்தது என்று என்னால் சொல்லிவிட முடியும். ஒரு வளைகாப்புப் படத்தில் வெறும் மஞ்சள் கயிற்றோடு நின்று எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். அது இந்த வீடு வாங்கிய வருஷம்.

இந்த வீட்டுக்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. காசு சேர்த்துக்கொண்டு வாங்கலாம் என்றேன் நான்.

"நீ சேத்து முடிக்கறதுக்குள்ள இது யார் கைக்குப் போவுமோ! இப்போ வாடகை குடுக்கறியே, அது இன்னாவாம்? மாசா மாசம் கடன் அடைக்கறதுதான்யா அதுவும். ஆனா இன்னொருத்தன் வூட்டுக்கு அடைக்கற."

நகை எல்லாவற்றையும் வைத்து முன்பணம் கட்டினாள். மீதிக்குப் பேங்கில் லோன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நாலு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவள் வஞ்சிர மீன் வறுத்தாள். பேசிவிட்டேன்.

அவள் செய்ததெல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். கம்பெனியைக் கொஞ்ச காலம் பூட்டிவைத்திருந்தபோது தவணைக்குள் மூட்ட முடியாமல் அவளுடைய சங்கிலி ஏலத்துக்குப் போய்விட்டது. அப்படிப் போனால் நகை மூழ்கிவிட்டது என்பார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் வார்த்தை. கடலுக்கு ஆள் அனுப்பிப் பழகிய வீட்டில் பிறந்தவளுக்கு அப்படியில்லை. கடையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவள், வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து விட்டுவிட்டு பாத்ரூமில் அழுதாள். அப்பா சொன்னதுதான் சரி என்று எனக்கு அன்று தோன்றியது. அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று.

கடைசியாக அவள் வைத்தது ஜிமிக்கி. தண்ணி மோட்டார் புகைந்துபோய்விட்டது. "தை மாசம் மூட்டிக்கலாம்" என்று கல்மண்டபத்துக் கடைக்கே போய் வைத்துவிட்டு வந்தாள். அவளுடைய அம்மா காலத்திலிருந்து வைக்கும் கடை, வேறெங்கும் போகமாட்டாள். தை பிறப்பதற்கு முன்பே, ஒரு மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் வீட்டார் எல்லோரையும் போல மூலக்கொத்தளத்தில்தான் அடக்கம்.

அடுத்த வருஷமே நான் ரிட்டயரானேன். கைக்கு வந்த பணத்தில் பேங்க் லோன், சொசைட்டி லோன், பாத்திரக்காரர் தவணை, சீட்டுப் பாக்கி எல்லாவற்றையும் அடைத்தேன். அப்பா கனவு கண்ட ஆள் நான்தான். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும், தூங்கவில்லை.

பிறகுதான் கவனித்தேன், வாசலுக்கு யாரும் வருவதில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் "கலாக்கா!" என்று குரல் கொடுத்துக்கொண்டு யாராவது வருவார்கள். சீட்டுப் பிடிக்கிற அம்மா வந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மருமகளைத் திட்டிவிட்டுத்தான் போவார். பாத்திரக்காரருக்கு டீ போட வேண்டும், சர்க்கரை கம்மியாக. வசூலுக்கு வந்தவர்கள் என்று நான் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லோரும் கணக்கு முடிந்ததும் நின்றுபோனார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு, எதற்கு வருவார்கள்?

ஜிமிக்கியையும் அப்போதே மூட்டியிருப்பேன். பணத்தை எண்ணி சட்டைப் பையில் வைத்தாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து அவள் போன் அடித்தது. "கலாக்கா கீறாங்களா சார்? வட்டி நாள் வந்துகினு கீது." அவள் போனதைக் கடைக்கு யாரும் போய்ச் சொல்லியிருக்கவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது "சொல்றேன்மா". ஒருத்தி அவளை இருக்கிறவளாக நினைத்துக் கேட்கிறாள். அந்த ஒரு குரலை விட எனக்கு மனசு வரவில்லை. வட்டியை மட்டும் கட்டிவிட்டு வந்தேன். இரண்டு வருஷமாக அப்படித்தான். "அக்காவுக்கு இன்னும் முட்டி வலியா?" என்று அந்தப் பெண் கேட்பாள். ஆமாம் என்பேன். கடன் என்றாலே நடுங்கிய நான், மூட்டக் காசு இருந்தும் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கலா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

இன்று மத்தியானம் போனேன். கடையில் பாதி அலமாரி காலியாக இருந்தது. உரைகல்லைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார்கள், ஊதுபத்தியும் ஏற்றவில்லை. அந்தப் பெண் சின்னக் கவரைப் பிரித்து ஜிமிக்கியை என் உள்ளங்கையில் வைத்தாள். திருகாணி லூசாக இருக்கிறது என்று கலா சுற்றிய கறுப்பு நூல் அப்படியே இருந்தது.

"மூழ்காம காப்பாத்திட்டீங்க சார். அக்காவ நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்மா."

வீட்டுக்கு வந்து டிவி பக்கத்தில், போனுக்கு அருகே ஜிமிக்கியை வைத்தேன். "கலா, கடைல கேட்டாங்க" என்று சத்தமாகவே சொன்னேன். வெளியே லாரிகள்கூட நகர்ந்துபோய் ரோடு காலியாக இருந்தது. இனி நான் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. கலாவைக் கேட்டு யாரும் கூப்பிடப்போவதுமில்லை.

சாயங்காலம் அவள் போனில் ரீசார்ஜ் முடிகிறது என்று மெசேஜ் வந்தது. நாளைக்குப் போட்டுவிடுவேன்.