ஜன்னலுக்கு எதிரே இருந்த ஊர்

ஸ்காட்லாந்தில் ஒரே பிரபு குடும்பத்தின் கையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஒரு கோட்டை. அதன் வரலாற்றை நான் தமிழில் எழுதினேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்கான ஒலிப்பதிவு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த எங்கள் அலுவலகத்தில் எழுதியவரே குரலும் கொடுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் உட்கார்ந்து கேட்பார்.

போர்கள், கல்யாணங்கள், ரோஜாத் தோட்டம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு ஜன்னல் வந்தது. கோட்டைக்காரர்கள் கொடுத்த புத்தகத்திலேயே இருந்த விஷயம்தான். பிரபுவின் ஜன்னலிலிருந்து பார்த்தால் உழவர்களின் குடிசைகள் தெரிந்தன. அசிங்கமாக இருக்கிறது என்று ஊரையே அப்புறப்படுத்தினார்கள். ஜனங்கள் கூரை மரங்களைப் பெயர்த்துத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள்.

மேலாளர் கண்ணாடியைத் தட்டினார்.

“இத்த தூக்கு தம்பி. ஜாலியா சுத்திப் பாக்க வர்றவன் காதுல ஒப்பாரி வெக்கிறியே?”

“புக்குலயே கீது சார்.”

“புக்குல அவங்க துன்ன விருந்துகூடத்தான் கீது. அத்த எழுது. எங்க போனாலும் உங்க கதைதானா?”

உங்க கதை. அவருக்குத் தெரியும். எங்கள் ஊரான நூம்பலில் அவர் வீட்டு நிலத்தில்தான் என் அப்பா கூலி வேலை செய்தார். அதை மனை போட்டு விற்றபோது, வாங்க வருகிறவர்கள் கண்ணில் எங்கள் தெரு படக்கூடாதென்று எங்களை ஏரிக்கரைக்கு அனுப்பினார்கள். அப்பா வாசக்காலைப் பெயர்த்துத் தலையில் தூக்கி வந்தார். இன்றும் எங்கள் கதவு அதில்தான் இருக்கிறது. நான் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

“உங்க கதையும்தான் சார்,” என்றேன்.

“நாலு எழுத்து படிச்சா வாய் நீளுதா? உங்கப்பன் எங்க ஊட்டு வாசல்ல நின்னு ஒரு வார்த்த பேசனதில்ல.”

“அதுக்கும் சேத்துதான் நான் பேசறேன்.”

திரும்பப் படிக்கச் சொன்னார். அந்தப் பத்தியோடுதான் படித்தேன்.

“நீ படி. நான் வெட்டிக்கிறேன்.”

“வெட்டனா என் குரலே வேணாம் சார். மொத்தமா அழிச்சிடுங்க.”

“அப்ப உனுக்கு இங்க இன்னா வேல?”

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அப்பா, “பெரிய ஊட்டுப் பகை நமக்கு எதுக்குடா, போய் மன்னிப்பு கேளு,” என்றார். நான் வாசக்காலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மேலாளர் தன் குரலிலேயே பதிந்து முடித்தார். மாதிரிக்கு இணையத்தில் போட்டிருந்ததைக் கேட்டேன். ஜன்னலருகே வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது கோட்டைக்காரர்களின் ஏற்பாடு. அந்த நேரத்துக்கு, என் பத்தி இருந்த இடத்தில், புல்லாங்குழல் வைத்திருக்கிறார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வேலை போனது போகட்டும், அதில் என் குரல் இல்லை.