மஞ்சள் காப்ஸ்யூலும் ஆட்டுப்பாலும்

பிச்சம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். எண்பத்திரண்டாம் வருடம் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் கிளினிக்கில் அவள் பேசியதைக் கேட்க, மற்றவர்கள் வாயை மூட வேண்டியிருந்தது.

குருவிகுளம் பக்கம் கரிசல் காடுகளில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடும் குடும்பம் அது. அவள் கணவன் மருதப்பன், ஆடு ஈனும்போது கையாலேயே குட்டியை எடுப்பான். அப்படித்தான் ஆட்டிடமிருந்து ஒரு காய்ச்சல் அவனுக்கு ஒட்டியது. விட்டு விட்டு வந்தது, இடுப்பைப் பிடித்தது. கிளினிக் டாக்டர் டெட்ராசைக்ளின் என்ற மஞ்சள் காப்ஸ்யூலை எழுதிக் கொடுத்தார்.

இங்கிலீஷ் மருந்து சூடு, பாலில் முழுங்கினால்தான் உடம்பு தாங்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிச்சம்மாள் டீக்கடைக்கு ஊற்றும் ஆட்டுப்பாலை நிறுத்தி, சுண்டக் காய்ச்சி, வேளை தவறாமல் காப்ஸ்யூலோடு கொடுத்தாள்.

"ஏட்டி, டீக்கடைக்காரன் என்னையல்லா ஏசுவான்" என்றான் மருதப்பன்.

"அவனுக்கு இடுப்பு போகட்டும், அவனுக்கும் காய்ச்சித் தாரேன். நீரு குடியும்."

காய்ச்சல் விடவில்லை. மறுபடி கிளினிக்குக்குப் போனபோது, "மாத்திரைய அவன் தின்னானா, ஆட்டுக்குப் போட்டியா?" என்றார் டாக்டர். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அதே மருந்தை வாங்கி வந்து, பாலை இன்னும் கூட்டினாள்.

மருதப்பனால் எழுந்து நிற்க முடியாமல் போன பிறகு, வண்டி பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டர் ஞானபூரணம் முதலில் கேட்டது இதைத்தான்: "மாத்திரைய எதுல முழுங்குறாரு?"

பாலில் உள்ள கால்சியம் ஓர் உலோகம். வயிற்றுக்குள் அது இந்த மருந்தோடு பிணைந்துகொள்ளும். பிணைந்த மருந்து இரத்தத்தில் சேராது, மலத்தோடு போய்விடும். இரும்புச்சத்து மாத்திரையும் இதையே செய்யும். அவ்வளவுதான் விஷயம், சொல்ல ஒரு மூச்சு போதும். பள்ளியில் எங்களுக்குக் கால்சியத்தின் அணு எடையைக்கூட மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இதைச் சொல்லவில்லை.

ஊசியும் போட்டு, காப்ஸ்யூலைத் தண்ணீரில் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது. போன இடுப்பு சரியாகவில்லை. இனி அவனால் ஆட்டுக்குப் பின்னால் நடக்க முடியாது.

அதன் பிறகுதான் பிச்சம்மாள் கிளினிக்குக்குப் போனாள்.

"பால்ல குடுக்காதன்னு ஏன் சொல்லல?"

"ஒவ்வொருத்தருக்கும் இதச் சொல்லிக்கிட்டிருந்தா நான் எப்பம்மா வைத்தியம் பாக்க?"

"அப்பம் நான் சொல்லுதேன்."

வாசற்படியில் உட்கார்ந்தாள். சீட்டோடு வெளியே வந்தவர்களை நிறுத்தினாள். "மஞ்ச மாத்திரையா? பால்ல முழுங்காத. தண்ணில முழுங்கு."

கம்பவுண்டர் வந்து எழுந்திருக்கச் சொன்னார்.

"எம் புருசன எந்திரிக்கச் சொல்லும், பாப்போம். பெறகு நான் எந்திரிக்கேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆடு விற்க ஊருக்குள் வரும் நாளெல்லாம் அவள் அந்தப் படியில்தான் உட்கார்ந்தாள்.