கவுன்சிலருக்குக் கொள்ளி வைக்கப் போனது

உயிரோடு இருந்த என் பெரியப்பா செத்துப்போய்விட்டார் என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருக்கிறேன். கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாடைக்கு முன்னால் நடந்து, மொட்டை போட்டுக்கொள்ளவும் மனத்தைத் தேற்றிக்கொண்டுவிட்டேன். இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில் பேச்சு சோர்ந்துபோனால் யாராவது இதை எடுத்துவிடுவார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் கெடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மதுரைக்கு மேற்கே எங்கள் ஊர். அங்கே பஸ் ரோட்டில் பெரியப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், பெயிண்ட், கயிறு, பைப் எல்லாம் கிடைக்கும். எங்கள் வார்டு கவுன்சிலரும் அவர்தான். கவுன்சிலர் என்றால் வெள்ளைச் சட்டை போட்டாக வேண்டும். கம்பி விற்கிறவர் வெள்ளைச் சட்டை போட்டால் என்ன ஆகும்? வலது தோளில் எப்போதும் துருக்கறை இருக்கும். பெரியம்மா எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய்விட்டார். கட்சிக் கூட்டத்தில் எத்தனை வெள்ளைச் சட்டை இருந்தாலும், எங்கள் கவுன்சிலரைப் பின்னால் நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் தெருவுக்கு அப்போது தண்ணீர்க் குழாய் கிடையாது. பைப் ரோட்டுக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. பெண்கள் குடத்தோடு லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து வர வேண்டும். அந்தக் கூட்டத்தில் கவுன்சிலர் சம்சாரமும் ஒருத்தி. எதிர்வீட்டு அக்கா அப்படிப் போய் பைக்கில் அடிபட்டுக் கால் ஒடிந்து கிடந்து, பிறகு விந்தி விந்தித்தான் நடந்தார். பெரியப்பா பேரூராட்சிக் கூட்டத்தில் பைப் என்று வாயைத் திறந்தால் மற்ற கவுன்சிலர்கள் சிரிப்பார்களாம்.

“என்னண்ணே, கடையில பைப்பு அம்புட்டும் தேங்கிக் கெடக்கா?”

அதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டில் இதைச் சொல்லிவிட்டுப் பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். எனக்கு அது நல்ல ஜோக்காகப் பட்டது.

இன்னொரு விஷயம். பெரியப்பாவுக்கு இரண்டுமே பெண்கள். அதனால் சொந்தக்காரர்கள் என்னைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளி, “பெரியப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போற சிங்கம் இவந்தானா?” என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் கொள்ளி வைக்கிறவன் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடக்க வேண்டும், அவனுக்கு மொட்டையும் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பெரியப்பா இருமினால்கூட எனக்குத் தலை அரிக்கும்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. கடையில் உட்கார்ந்து, கலந்து கிடந்த ஸ்க்ரூக்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பஞ்சர் கடைக்காரர் வந்தார். தேர்தலில் பெரியப்பாவிடம் தோற்றவர். டீக்கடையில் பெரியப்பாவைத் திட்டுவதற்கென்றே தனியாக ஒரு டீ சொல்கிறவர். கயிறு வேண்டும் என்றார். பெரியப்பா நைலான் கயிற்றில் கை வைத்ததும், “நாரு குடுங்கண்ணே. அதான மொறை” என்றார்.

பெரியப்பா சிரித்துக்கொண்டே, கேட்டதற்கு மேலேயே இழுத்து அறுத்துக் கொடுத்தார். கல்லாவுக்கு அடியிலிருந்து பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றும் கைமாறியது.

“இறுக்கிக் கட்டு மாப்ள. நடுரோட்டுல அவுந்து விழுந்தா எனக்குத்தான் கேவலம்.”

ஏதோ பந்தல் வேலை போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் ஸ்க்ரூவிலிருந்து நிமிர்வதற்குள் பெரியப்பா முகம் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்குக் கிளம்பிப் போனார்.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டது. பாடை ஒன்று வந்துகொண்டிருந்தது. முன்னால் பஞ்சர் கடைக்காரர் கையை உயர்த்தி, “கவுன்சிலரு செத்தாச்சு” என்று கத்தினார். “எங்க கொடம் காஞ்சாச்சு” என்று பின்னால் பெண்கள் பதில் கொடுத்தார்கள். என் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. பாடையில் கிடந்த உடம்புக்கு முகம் தெரியாமல் மாலை. வெள்ளைச் சட்டை. வலது தோளில் துருக்கறை.

என் கை முதலில் தலைமுடியைத்தான் தொட்டுப் பார்த்தது. பிறகுதான் அழுகை வந்தது. அந்தத் தோளில் உட்கார்ந்துதான் நான் சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்த்தேன். இறங்கியபோது என் டவுசரிலும் துரு ஒட்டியிருந்தது.

சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு பாடைக்கு முன்னால் போய் நின்றேன். பறை நின்றுவிட்டது.

“டேய், நீ கவுன்சிலரு தம்பி மகன்ல? இங்க என்னடா பண்ற?” என்றார் பஞ்சர் கடைக்காரர்.

“நாந்தான் கொள்ளி வைக்கணும். சட்டி எங்க?”

அவர் திருதிருவென்று முழித்தார். அதுவரை பாதி சிரிப்பும் பாதி ஒப்பாரியுமாக வந்துகொண்டிருந்த பெண்கள் நான் ஏங்கி ஏங்கி அழுவதைப் பார்த்து நிஜமாகவே மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள். விந்தி நடக்கும் அக்கா, “புள்ளைகிட்ட வெவரத்தச் சொல்லுங்கய்யா” என்றார். பஞ்சர் கடைக்காரர் என்னையும் பார்த்தார், ஆபீஸ் இருக்கும் திசையையும் பார்த்தார். தன் துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

“சரி, வா. அழுகைய மட்டும் நிப்பாட்டிராத மாப்ள.”

நான் எங்கே நிறுத்துவது? ஆபீஸ் வாசல் வரைக்கும் கதறிக்கொண்டே போனேன். சத்தம் கேட்டு வெளியே வந்த அதிகாரி பாடையைப் பார்த்தார், வெற்று மார்போடு தேம்பிய என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே திரும்பி, “யாருங்க செத்தது?” என்றார்.

பெரியப்பா டீ கிளாசோடு வெளியே வந்து, “நாந்தான் சார்” என்றார்.

அவர் போட்டிருந்த சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. துருக்கறை இல்லாத பெரியப்பாவை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. சந்தேகமில்லாமல் ஆவிதான். திரும்பி ஓடியவன் காலிக் குடங்களுக்கு நடுவே போய் விழுந்தேன். ஆவி வந்து என்னைத் தூக்கி, துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டது.

“எனக்கு ஒன்னும் ஆகலடா. சட்டையப் போடு, சளி பிடிச்சுக்கும்.”

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் பஞ்சர் கடைக்காரர் பெரியப்பாவை விளாசித் தள்ளினார். கவுன்சிலரா நீ, உன் சம்சாரமே குடத்தோடு ரோட்டில் நிற்கிறாள், வெட்கமாக இல்லையா என்றார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் ஓடிப்போய்ப் பஞ்சர் கடைக்காரரின் கையைக் கடித்துவைத்தேன். அதிகாரி நடுவில் புகுந்து, இந்த மாதமே வேலையை ஆரம்பித்துவிடுகிறேன் என்று கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்தார்.

ராத்திரி பெரியம்மா பழைய சட்டையைத் தேடினார். அதைப் பஞ்சர் கடைக்காரர் திருடிக் கொண்டுபோய்ப் பாடையில் கிடந்த வைக்கோல் பொம்மைக்கு மாட்டிவிட்டார், நானே கண்ணால் பார்த்தேன் என்று சாட்சி சொன்னேன். பெரியப்பா நிமிரவே இல்லை. இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். திருடனைப் பற்றிச் சொல்லும்போது இந்த மனிதர் எதற்காகச் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கு ஒரே கோபம்.

வேலை சொன்னபடியே நடந்தது. கப்பலூரிலிருந்து லாரியில் பைப் வந்து இறங்கியது. எங்கள் கடையிலிருந்து ஒரு முழம்கூடப் போகவில்லை; போகக் கூடாது என்று பெரியப்பாவே சொல்லிவிட்டாராம். தெருவுக்குத் தண்ணீர் வந்தது. அடுத்த தேர்தலில், போராடிக் குழாய் கொண்டுவந்தவர் என்று சொல்லிப் பஞ்சர் கடைக்காரர் நின்றார், ஜெயித்தார். பெரியப்பா தோற்றார். வெற்றி ஊர்வலத்துக்குக் கொடி கட்டும் கயிற்றையும் எங்கள் கடையில்தான் வாங்கினார்கள்.