மூடிக்குக் கீழே இருபது நிமிடம்

இவானில்டி கண்ணாடிப் பெட்டிக்குள் இரு கைகளையும் விட்டு நின்றாள். உள்ளே நைட்ரஜன். பெட்டியின் சுவரோடு ஒட்டிய ரப்பர் கையுறைகள் கையை முழங்கைக்கு மேலும் விழுங்கிவிடும். பெலோ ஒரிசோன்ட்டி நகரின் அந்த ஆய்வகத்தில் பதினோரு வருடமாக அவள் வேலை இதுதான்: சுழலும் கண்ணாடித் துண்டில் கரைசலைச் சொட்டி, சூரிய மின்கலத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் படலம் செய்வது.

போன வெள்ளி அப்பா சொந்த ஊரான குர்வேலோவில் இறந்தார். மறுநாளே அடக்கம். இரண்டு நாள் விடுப்பு முடிந்து திங்களன்று திரும்பிவிட்டாள். இன்று மாலை ஏழு மணிக்கு ஊர்த் தேவாலயத்தில் ஏழாம் நாள் பூசை. ஒரே மகள். பஸ் மூன்று மணிக்கு.

பேராசிரியர் க்ளோவிஸ் தன்மையாகத்தான் சொன்னார். இன்று கூரியரில் ஒரு மின்கலம் போயாக வேண்டும். "ஒண்ணே ஒண்ணு நல்லதா வரட்டும்மா, கிளம்பிடுங்க. உங்க கைக்குத்தானே அது வரும்."

வரவில்லை. வழக்கமாக வெளிச்சத்தில் நாலு சதவீதத்தை மின்சாரமாக்கும் மின்கலம் திங்களிலிருந்து மூன்றைத் தொடவில்லை. கத்தரிக்காய் நிறத்துக்கு வரவேண்டிய படலம் சிவப்பிலேயே நின்றது. "கைராசியும் லீவு போட்டிருச்சா அக்கா?" என்று கேட்ட ஆய்வு மாணவன் தாலிஸ், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

கரைசல் சரி. அடுப்பின் சூடு சரி. அவளே எழுதிய நோட்டில் இருந்தது: சுழற்று, உடனே சூடேற்று. அப்படியேதான் செய்தாள்.

மணி பத்து. அடுத்த துண்டு ஈரத்தோடு இறங்கியது. அவள் இடக்கை தானாக நகர்ந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தது.

அப்பா தினமும் பத்து மணிக்குக் கூப்பிடுவார். ஈரப் படலத்தின்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு வராந்தாவுக்கு ஓடுவாள். கோழி, முட்டிவலி, பக்கத்து வீட்டுக்காரர், இருபது நிமிடம். படலத்தைப் பாதியில் விட்டுப் போகக்கூடாது என்பது ஆய்வக விதி. அதனால் நோட்டில் எழுதியதில்லை.

மூடிக்குள் ஈரம் மெல்லப் போகும். மூலக்கூறுகள் நகர்ந்து, வரிசையாகச் சேர அவகாசம் கிடைக்கும். உடனே சூடுபட்டால் எது எங்கே நின்றதோ அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கவிழ்த்தாள். கைகளை வெளியே எடுக்கவில்லை. பேச யாரும் இல்லை. கையுறைக்குள் வியர்த்துக்கொண்டே நின்றாள். படலம் கத்தரிக்காய் நிறத்துக்குக் கருத்தது.

இரண்டு மணிக்கு அளந்தார்கள். நாலு புள்ளி ஒன்று.

"என்ன மாத்தினீங்க?"

"மாத்தல சார். எப்பவும் மூடி வெப்பேன், இந்த வாரம்தான் வெக்கல. எழுதினதில்ல."

"எவ்வளவு நேரம்?"

"அப்பா பேசி முடிக்கிற வரைக்கும்."

க்ளோவிஸ் நோட்டைப் புரட்டினார். "அப்ப இத்தனை வருஷக் குறிப்பும் தப்பு. உக்காருங்க, இன்னிக்கே திருத்திடலாம்."

இவானில்டி உட்காரவில்லை. நின்றபடியே கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: மூடி, இருபது நிமிடம். கையெழுத்திட்டாள். பையை எடுத்தாள்.

கையில் ரப்பர் வாடை பஸ்ஸிலும் போகவில்லை.