பலகையில் என் பெயர்

எனாமல் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறினாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். போன மாதம் வெறும் தலைவலியோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. காரைக்காலில் நான் படித்த பள்ளியில் மகளிர் தின விழா. பெண்களின் சாதனையைப் பற்றிப் பேச ஓர் ஆண்பிள்ளையைக் கூப்பிட்டிருந்தார்கள். வங்கி மேலாளர் என்றால் எதைப் பற்றியும் பேசுவான் என்று நினைப்பு. நானும் வெட்கமில்லாமல் போனேன்.

புதிதாகப் பெயின்ட் அடித்த அரங்கம். சுவரில், பிளஸ் டூவில் பள்ளி முதலிடம் பெற்றவர்களின் பலகை. எங்கள் வருஷத்துக்கு நேரே என் பெயர். மதிப்பெண் 1108. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. நான் வாங்கியது 1071, சொன்னால் நம்புங்கள். முதலில் வந்தவள் செல்வராணி.

கருக்களாச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அம்மா மீன் விற்பவர். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் நாற்றம் என்று மூக்கைப் பிடித்தவர்களில் அடியேனும் ஒருவன். பரீட்சை நெருங்கியதும் அதே மூக்கை அவளுடைய கணக்கு நோட்டுக்குள் நுழைத்தவனும் நான்தான். பலகையில் அவள் பெயரை எழுதிய அன்று, பெயின்டர் பக்கத்திலேயே கால் கடுக்க நின்றாள். கடைசி எழுத்து காயும்வரை நகரவில்லை. டீச்சர் டிரெயினிங் போகப்போவதாக எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விழாவுக்கு அந்தக் காலத்துக் கிளார்க்கும் வந்திருந்தார். அவரைப் பிடித்துக் கேட்டேன். பலகையில் பெயர் எழுதிய அடுத்த மாதமே செல்வராணியின் அப்பா வந்தாராம். அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை பத்தாவது பெயில். பெண் இவ்வளவு படிப்பு என்று ஊருக்குத் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கௌரவக் குறைச்சல், பெயரை எடுத்துவிடுங்கள் என்று கும்பிட்டாராம். பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எடத்த வெறுமனே விட்டா நல்லாருக்காதுன்னு, ரெண்டாவதா வந்த ஒங்க பேர எழுதச் சொன்னாங்க சார். பெயின்டரு மார்க்க மாத்த மறந்துட்டான்" என்றார். சிரிப்பு வேறு.

அடப் பாவிகளா! அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தலைமை ஆசிரியை, ஆயிரத்து நூற்றெட்டு வாங்கிய நம் பழைய மாணவர் என்று அறிமுகம் செய்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அது என் மார்க் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? என் வாயில் கொழுக்கட்டை. சமத்துவம் பற்றி இருபது நிமிஷம் பேசிவிட்டு, சால்வையோடு இறங்கினேன். தூ, நானும் ஒரு மனுஷன்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் நம்பர் தேடிப் பிடித்து அவளோடு பேசினேன். கல்யாணமாகி நாகப்பட்டினம் பக்கம் இருக்கிறாள். டிரெயினிங்குக்கு அனுப்பவில்லையாம். உண்மையைச் சொல்லிவிடத்தான் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன் என்று ஆரம்பித்ததுமே அவள் குரல் மலர்ந்துவிட்டது.

"சுனாமியில வூடு, சர்டிபிகேட்டு எல்லாம் போயிடுச்சுங்க. நான் மொத மார்க்கு வாங்குனேன்னு சொன்னா எம் மவ நம்பமாட்டேங்குறா. லீவுல அழைச்சிட்டு வந்து அந்தப் பலகையக் காட்டணும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "எம் பேரு அழியாம இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு" என்றேன்.