மணல்வாளி வீட்டில் மெழுகு மழை

முதுகுக்குப் பின்னால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் மணல்வாளி. நேரில் ஆய்வாளர் சார். எரிந்து முடிந்த கட்டடத்துக்குள் போய், சாம்பலைக் கிளறி, தீ எந்த மூலையில் பிடித்தது என்று கண்டுபிடித்துச் சொல்வது பிழைப்பு. அதில் புலி. தன் கல்யாணத்தில் அது எந்த மூலையில் பிடித்தது என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை. மனைவிக்குத் தெரியும்; கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

குடி, கை நீட்டுவது என்று அவர்மேல் ஒரு குற்றமும் கிடையாது. மனுஷன் தங்கம், அதுதான் தொல்லை. பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்ற விடமாட்டார். அவள் வாணலியில் எண்ணெய் ஊற்றினால் பின்னாலேயே வந்து நிற்பார். அறைக்கு ஒரு புகை அலாரம், கூடத்தில் தீயணைப்பான், வாசல் கதவருகே வாளி நிறைய மணல். புகையில் யாரும் மூச்சுத் திணறிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, வீட்டிலிருந்த எல்லோரையும் மூச்சுத் திணற வைத்தார். அவள் பிள்ளைகளோடு தனி வீடு பார்த்துப் போனாள். ஞாயிறு பகல் மட்டும் பிள்ளைகள் அவரிடம் என்று ஏற்பாடு.

ஒருநாள் போனில் சொன்னாள்: “பெரியவ இனிமே வரலைங்கறா. அங்க வந்தா எதைத் தொட்டாலும் திட்டு விழுதாம். இந்த ஒரு ஞாயிறு பாக்கறேன்னு சொல்லியிருக்கா. அவ நின்னுட்டா சின்னவனும் நின்னுடுவான், தெரியுமில்ல?”

தெரியும். அதனால்தான், சின்னவன் எப்போதோ கேட்டுச் சிணுங்கியதை நினைவில் வைத்து, கிரேயான் வாங்கிவந்தார். அட்டையின் மேல்விளிம்பில் கிரேயான்களை வரிசையாக ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் நிறங்கள் உருகி வழியுமாம். டிரையர் மனைவி விட்டுப்போனது. எந்தச் சாதனத்தையும் கழற்றித் துடைக்காமல் இயக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசிப்பவர், அதை மட்டும் கழற்றவில்லை. பின்பக்க வலையில் அவளுடைய முடி சிக்கியிருந்தது. எடுத்துப் போட மனம் வரவில்லை.

ஞாயிறு வந்தது. மேஜைமேல் ஈரத்துணி, பக்கத்தில் வாளி. இருவருக்கும் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி.

“அக்கா, நாம ராக்கெட் விடப்போறமா?” என்றான் சின்னவன்.

“பொறுடா. இன்னும் ஹெல்மெட் வரல.”

டிரையர் அவர் கையில்தான் இருந்தது. பிள்ளைகள் எட்டி நின்று பார்த்தார்கள். பெரியவள் கொட்டாவி விட்டாள்.

“நாங்க எப்பப்பா செய்யறது?”

“முதல்ல பாரும்மா. பாத்துக் கத்துக்கோ.”

“பாக்கறதுன்னா வீடியோவே இருக்கேப்பா.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இடிந்துவிழும் கூரைக்குக் கீழே ஆளை அனுப்புகிற முகத்தோடு, டிரையரை அவளிடம் கொடுத்தார்.

அவள் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக் குனிந்தாள். மெழுகு முதலில் வியர்த்தது, பிறகு அசைந்தது, பிறகு சரசரவென்று இறங்கியது. அட்டையின் கீழ்ப்பாதியில் அவள் வரைந்து வைத்திருந்த வீட்டின்மேல் சிவப்பு வழிந்தது. அவருக்கு அது எரிகிற வீடாகத் தெரிந்தது. வேலைப் பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது:

“உள்ள எத்தனை பேரு?”

“ஐயோ அப்பா, அது மழை!”

“செவப்பாவா?”

“நீலத்தை இவன் ஒடச்சுட்டான். உள்ள யாருமில்ல, எல்லாரும் நனையப் போயிருக்காங்க.”

அவர் சிரித்தார். அப்பா சிரித்ததில் பிள்ளைகளுக்கும் சிரிப்பு வந்தது. “அடுத்த வாரம் பெரிய அட்டையாப் பண்ணலாம்” என்றாள் பெரியவள், யாரும் கேட்காமலே.

அந்த நேரம் பார்த்து டிரையர் வலையிலிருந்த முடி கருகியது. நூல் போல ஒரு புகை, ஒரு நாற்றம். தலைக்கு மேல் அலாரம் அலறியது.

அவ்வளவுதான், அப்பா போய் ஆய்வாளர் வந்துவிட்டார். பிளக்கைப் பிடுங்கினார், சின்னவனை அள்ளி இடுக்கிக்கொண்டார், பெரியவளின் கையைப் பிடித்து இழுத்தார். மேஜை சாய்ந்தது. சூடு ஆறாத அட்டை சின்னவனின் முழங்கையில் அப்பிக்கொண்டது. அவன் கத்தியது அலாரத்தில் கேட்கவில்லை. செருப்பில்லாமல் படியிறங்கி, தெருவில் நிறுத்தி, தலையைத் தொட்டு எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு.”

“ரெண்டே பேருதான்பா இருக்கோம்,” என்றாள் பெரியவள். எதிர்மாடியில் அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். “நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு? வெறும் முடிப்பா. தண்ணி தெளிச்சிருந்தாக்கூடப் போதும்.”

சொல்லிவிட்டு முதல் ஆளாகப் படியேறினாள்.

அவர் குழாய்த் தண்ணீரில் மகனுடைய கையை முறைப்படி வெகுநேரம் நனைத்தார். அப்படியும் கொப்புளம் எழும்பிவிட்டது. அத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாருக்கும் ஏற்பட்ட ஒரே தீக்காயம். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நெருப்பே இல்லாம சுட்டுக்க வைக்க உங்களாலதாங்க முடியும்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த ஞாயிறு காலையிலேயே நாற்காலி போட்டு ஏறி, கூடத்து அலாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். வலையிலிருந்த கருகிய முடியை ஊசியால் எடுத்தார். பெரிய அட்டை, இரண்டு டப்பா நீலக் கிரேயான். வாளியைக்கூடக் குளியலறையில் ஒளித்து வைத்தார்.

போன் வந்தது. “வரலையாம்,” என்றாள். “ரெண்டு பேரும்.”

“அடுத்த வாரம்?”

“கேக்காதீங்க.”

பேட்டரியை வெளியே வைத்திருப்பது விதிப்படி தவறு. மறுபடி நாற்காலி ஏறி மாட்டினார். மாட்டினால் சோதிக்க வேண்டும், பொத்தானை அழுத்தினார். அலாரம் நன்றாக வேலை செய்தது. வீடு முழுக்கக் கேட்டது. வெளியேற்ற ஆளில்லாததால் அவர் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை.